கட்டுவிரியனும் கைபேசியும்

விடியற்காலையில் வயிற்றுவலி என்று ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர். கடிவாய் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. இமை மட்டும் மெல்லச் சரிகிறது. அனுபவமுள்ள மருத்துவருக்குக் கட்டுவிரியன் நினைவுக்கு வரும், மாணவருக்கு அல்சர். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வைத்தியம் பார்க்கப் போகிறவர் அந்த இமையைத் தவறவிடக் கூடாது. ஆனால், அவருக்கு வார்டு போஸ்டிங் இருக்கும் வாரத்தில்தான் கடிக்க வேண்டும் என்று எந்தப் பாம்புக்கும் கட்டாயமில்லை. கைபேசிச் செயலியில் நோயாளியைப் பாவித்துப் பழகும் முறைக்கு நான் ஆதரவாகப் பேசுவது இந்த ஓட்டையை மனத்தில் வைத்துத்தான்.

2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படைக்கு மாறியதும் பொம்மைகளில் பழகும் ஸ்கில்ஸ் லேப் கட்டாயமானது. சிறுவாச்சூரில் உள்ள தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரிக்கும், 2022 ஜனவரியில் 150 இடங்களோடு திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இதே விதி. இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திப் பழக அந்த ஆய்வகத்துப் பொம்மைதான் வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற தாளத்தைக் கைபேசி சொல்லித்தரும். குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்பதைத் தோள்தான் கற்க வேண்டும். செயலியின் பலம் வேறு. விஷமுறிவு மருந்தை எப்போது தொடங்குவது, ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் எங்கே, மூச்சு தளர்ந்தால் அடுத்து என்ன? ராத்திரி முழுக்க நீளும் இந்த முடிவுகளைப் பத்து நிமிடத்தில் எடுத்துப் பார்க்கலாம். தப்பானால் திரையில்தான் மூச்சு நிற்கும், மறுபடி தொடங்கலாம்.

இப்படிப் பழகுவது பலன் தரும் என்பதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது 2002-ல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு. மெய்நிகர் கருவியில் பழகிய பயிற்சி மருத்துவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுப்பதில் 29 சதவீதம் வேகமாக இருந்தார்கள். பழகாதவர்கள் ஆறு மடங்கு தவறு செய்தார்கள். ஆனால், கலந்துகொண்டவர்கள் 16 பேர்தான். அவர்கள் கையில் இருந்தது கைப்பிடிகள் பொருத்திய கருவி, கைபேசி அல்ல. அந்த எண்ணைச் சொல்லிச் செயலி விற்க வருபவரிடம் கொஞ்சம் சந்தேகத்தோடு பேசுவதே நல்லது. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் மருத்துவத் திறனுக்கு நான்கு படி சொன்னார்: அறிதல், எப்படி என்று அறிதல், செய்துகாட்டல், நடைமுறையில் செய்தல். செயலி இரண்டாம் படிவரை கூட்டிப்போகும். உதாரணமாக, கண்ணாடி விரியன் கடித்தவரின் ரத்தம் இரண்டு மில்லி எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. திரையில் விடை பளிச்சென்று வந்துவிடும். குழாய் பிளாஸ்டிக்கா, சோப்புப் போட்டுக் கழுவியதா என்று பார்க்கும் கண் வார்டில்தான் வரும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மொழி. செயலிக்குள் இருக்கும் நோயாளி பாடப்புத்தக ஆங்கிலத்தில் அறிகுறிகளை வரிசையாக ஒப்பிப்பார். இங்கே வருகிறவர் 'கண்ணு சொருகுதுங்க', 'நெஞ்சக் கரிக்குதுங்க' என்பார். அதனால் செயலியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கதையை நாமே எழுத வேண்டும். இந்த இரு மாவட்டங்களின் கேஸ் ஷீட்டுகளிலிருந்து, பெயர், ஊர் நீக்கி, நோயாளியின் பேச்சிலேயே எழுதலாம். முதல் வரி 'வயித்த வலிக்குதுங்க டாக்டர்' என்று இருக்கட்டும். 'ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?' என்ற கேள்வியை மட்டும் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் வைக்கக் கூடாது. அதை மாணவரே யோசித்துத் தட்டச்சு செய்ய வேண்டும்.