அலைமேல் ஏறிவரும் கட்டுமரம்

சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லியைத் தழுவிச் செல்லும் சுவேத நதி, வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலை அடைகின்றதென்பதை அறிந்த நேயர்கள், அக்கடலோரத்து மீனவர்கள் நெடுங்காலமாகப் பழகிவந்த ஓர் அபூர்வ வித்தையையும் அறிந்திருத்தல் நலம். இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில் மண்டியிட்டமர்ந்து, கரைக்கு முன்னே குமுறி உடையும் அலைவரிசையின் புறத்தே பொறுமையுடன் காத்திருந்து, தக்க அலை பின்னே எழும்பிய க்ஷணத்தில் விசையாகத் துடுப்பிட்டு, அதன் வேகத்தையே வாகனமாக்கிக் கரையேறுவார்கள். குறுக்காகத் திரும்பினால் மரம் கவிழ்ந்துவிடும். ஆகையால் அதை நேராக நிறுத்துவதிலேதான் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மேலேறிய நீரோ மர இடுக்குகளின் வழியே தானாக வடிந்துவிடும். இன்று அலைச் சவாரிக்கு உபயோகமாகும் திறந்த கயாக்குகளில் காணும் துவாரங்களும் இதே தத்துவத்தில் அமைந்தவையே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரம் அருகிவிட்டது மெய்யாகவே வருந்தத்தக்கது. எனினும், சென்னையை அடுத்த கோவளத்தில் மீனவ இளைஞர் பலர் அலைச்சறுக்கிலும், நின்றபடி துடுப்பிடும் பலகையிலும் தேர்ந்து, பிறர்க்கும் கற்பிக்கின்றனர். அங்கே செல்லும் நேயர்கள், கட்டுமரம் செலுத்திய முதியோரிடமும் இரண்டொரு வார்த்தை கேட்டுவருவார்களாக.