மலைப்பாதைக்கு ஒரு கச்சேரி: கிடாருக்கு ஈடுகொடுத்த கடம்!

ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறீர்களா? ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்வதற்குள் கேட்டுவிடக்கூடிய ஆல்பம் ஒன்று இருக்கிறது: 'சக்தி வித் ஜான் மெக்லாலின்'. மலை வளைவுகளில் சிக்னல் வரும், போகும். முன்பே டவுன்லோடு செய்துவிடுங்கள். (வண்டி ஓட்டுபவருக்கு ஹெட்போன் வேண்டாம்!)

1975 ஜூலை 5. அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவான கச்சேரி இது. அதற்கு முன்புவரை 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா'வில் எலெக்ட்ரிக் கிடாரால் அரங்கை அதிரவைத்தவர் மெக்லாலின். இங்கே அக்கூஸ்டிக் கிடாரோடு உட்கார்ந்துவிட்டார். வயலின் எல்.சங்கர், தபேலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ஆர்.ராகவன், கடம் நம்ம விக்கு விநாயக்ராம்.

மொத்தமே மூன்று உருப்படிகள்தான். முதலாவதான 'ஜாய்' மட்டும் 18 நிமிடம். கிடாரும் வயலினும் ஒரே மூச்சில் ஓடும். பிறகு பிரிந்து, ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்வார். எல்லாம் அந்த நேரத்துக் கற்பனை. கல்பனா ஸ்வரம் கேட்டுப் பழகிய வீட்டுப் பெரியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ராக் ரசிகரான பேரனுக்கு அந்த வேகம் பிடிக்கும். கடம் எந்த இடத்திலும் கிடாருக்குப் பின்னால் ஒதுங்கவில்லை.

புதிதாய்ச் சேர்ந்த 'சக்தி', விக்குவின் மகன் செல்வகணேஷோடு 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது. அதே டிசம்பரில் ஜாகிர் மறைந்தார்.

இரண்டாவது முறை கேட்கும்போது தபேலாவை மட்டும் பின்தொடருங்கள். வாசிக்கும்போது அவருக்கு வயது 24.