மாதிரித் தொடர்வண்டி எஞ்சின்: மின் பாதுகாப்பும் பழுதுநீக்கலும்

மாதிரித் தொடர்வண்டி என்பது உண்மையான தொடர்வண்டியைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, மின்சாரத்தால் ஓடும்படி அமைத்த சிறு வடிவம் ஆகும். உலகில் பரவலாக உள்ள எச்.ஓ. வகையில் விகிதம் 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. புனேயில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு இரயில்வே அருங்காட்சியகத்தில் இத்தகைய வண்டிகள் ஓடுவதைக் காணலாம். இவற்றைப் பழுதுபார்க்க விரும்பும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: எஞ்சினைத் திறக்கலாம், மின்மாற்றிப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

மின்சாரம் வரும் வழி

கன்னியாகுமரிக்கு வரும் மின்சார எஞ்சின், மேலே உள்ள 25,000 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் பெறுகிறது. தண்டவாளம் வழியாகச் சுற்று நிறைவடைகிறது. எச்.ஓ. வகையில் மேல்கம்பி தேவையில்லை. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. பழைய முறையில் 12 வோல்ட் வரையிலான நேர்த்திசை மின்னோட்டம் சக்கரங்கள் வழியாக மோட்டாரை அடைகிறது. முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும்.

ஆபத்து எங்கே?

தண்டவாளத்தில் உள்ள 12 வோல்ட், உலர்ந்த கையில் பொதுவாக அதிர்ச்சி தராது. மின்மாற்றியின் மறுபக்கத்தில் உள்ள 230 வோல்ட் உயிரைப் பறிக்கும். எனவே:

• அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மின்மாற்றி 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். அதை நம் வீட்டில் நேரடியாகச் செருகினால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மேலே ‘100–240 வோல்ட்’ என அச்சிட்டிருந்தால் மட்டுமே செருகலாம்.
• ஒரே தண்டவாளத்தில் இரண்டு மின்மாற்றிகளை இணைக்கக் கூடாது. மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடும் பழைய வகைகளில், ஒன்றின் பிளக்கைப் பிடுங்கினாலும் மற்றதிலிருந்து மின்சாரம் திரும்பி ஏறி, பிளக்கின் முனைகளில் உயர் மின்னழுத்தம் தோன்றும்.
• வண்டி தடம்புரண்டால் ஷார்ட் சர்க்யூட் ஏற்படலாம். முதலில் சுவிட்சை அணைத்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.
• இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும்.

பழுது கண்டறியும் முறை

1. மோட்டார் சைக்கிள் மீட்டரில் உள்ளது போன்ற சிறு 12 வோல்ட் பல்பைத் தண்டவாளங்களுக்கு இடையே இணைத்துப் பாருங்கள். எரிந்தால் தண்டவாளம் வரை மின்சாரம் வருகிறது. பழுது எஞ்சினில் உள்ளது.
2. இணைப்பைத் துண்டித்து, சக்கரங்களில் படிந்த கறுப்பு அழுக்கைத் துடையுங்கள். விட்டுவிட்டு ஓடும் எஞ்சின்கள் பல இதிலேயே சரியாகிவிடும்.
3. மோட்டார் உறுமியும் சுழலவில்லை என்றால் உடனே அணைத்து, பற்சக்கரங்களில் முடியோ நூலோ சிக்கியுள்ளதா எனப் பாருங்கள். சுழலாத மோட்டாரில் மின்னோட்டம் மிகுந்து சுருள் கருகிவிடும்.
4. கார்பன் தூரிகைகள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். திசைமாற்றியில் படிந்த கரியைத் துடையுங்கள்.

கடலோரப் பராமரிப்பு

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்று பித்தளைத் தண்டவாளத்தில் ஆக்சைடு படலத்தை விரைவில் உண்டாக்கும். அப்படலம் மின்சாரத்தைத் தடுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். முழுதும் உலர்ந்த பிறகே மீண்டும் ஓட்டலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல்களில் அழுக்கு மேலும் சேரும்.

பற்சக்கரங்களுக்குத் தேங்காய் எண்ணெய் கூடாது. அது குளிரில் உறையும், நாளடைவில் பிசினாகும். பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எந்திர எண்ணெய் ஒரு துளி போதும்.