ஓட்டமும் விடாமுயற்சியும்

நமது நாட்டில் வயது வந்த மனிதன் ஒருவன் தெருவில் ஓடினால், பார்க்கிறவர்கள் இரண்டு காரணங்களையே நினைப்பது வழக்கம். அவன் எதையோ துரத்துகிறான். அல்லது ஏதோ ஒன்று அவனைத் துரத்துகிறது. தேக ஆரோக்கியத்தின் பொருட்டும் சந்தோஷத்தின் பொருட்டும் ஒருவன் ஓடக்கூடும் என்பது நம் ஜனங்களுக்கு வெகு காலம் விளங்காத விஷயமாகவே இருந்து வந்தது. இந்த நிலைமை இப்பொழுது மாறி வருகிறது. 2004-ம் வருஷத்தில் மும்பையில் பெரிய மாரத்தான் ஓட்டம் ஆரம்பமாயிற்று. பிறகு சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலும் வருஷந்தோறும் ஓட்டங்கள் நடைபெறலாயின. விடியுமுன் சென்னைக் கடற்கரைச் சாலைக்குச் சென்றால், குமாஸ்தாக்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் வியர்வை சொட்ட ஓடுவதைக் காணலாம். இது மகிழத்தக்க மாறுதல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நேயர்களை ஒன்று கேட்கிறோம். மார்கழிக் குளிரில் புதிய ஜோடு வாங்கி ஓடத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் சித்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்? ஒரு காரியத்தைத் தொடங்குவதில் நமக்குள்ள உற்சாகம் அதைத் தொடர்ந்து செய்வதில் இருப்பதில்லை. சங்கங்கள் ஸ்தாபிக்கிறோம். முதற் கூட்டத்திற்கு மாலையுடன் வந்தவர்கள் மூன்றாவது கூட்டத்திற்கு வருவதில்லை. வாசகசாலை திறக்கிறோம். அடுத்த வருஷம் அதன் பூட்டுத் துருப்பிடிக்கிறது. ஓட்டத்திலும் இதே கதைதான். ஆகையால் ஓடுவதன் பெருமையைப் பேசுவதைக் காட்டிலும், தொடங்கியவர்கள் விட்டுவிடாமல் இருப்பதற்கும் மேலும் மேலும் அபிவிருத்தி அடைவதற்கும் உரிய வழிகளை ஆராய்வதே பயனுள்ள காரியம் ஆகும்.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்த பெரிய ஆராய்ச்சி 2023-ல் வெளியிட்டது. நம் தேசத் தொண்டர்களோ இவ்விஷயத்தில் மற்றவர்களைக் காட்டிலும் மோசமான நிலையில் இருக்கிறார்கள். நள்ளிரவு வரையில் கூட்டம், நேரந்தவறிய போஜனம், பசிக்குப் பதில் டீ, தூக்கம் பஸ்ஸில். தேசத்திற்காக உயிரையும் கொடுப்பேன் என்று மேடையில் முழங்குகிறவர், ஐம்பது வயதில் மாடிப் படி ஏறியவுடன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். அனுபவம் முதிர்ந்து, யோசனை சொல்லத் தகுந்த காலத்தில் அவரை இழந்து விடுகிறோம். நாடு அவருடைய உயிரைக் கேட்கவில்லை, உழைப்பையே கேட்டது.

உட்கார்ந்தே இருப்பதனால் வரும் தீங்கை 1953-ல் ஜெரமி மாரிஸ் என்ற ஆங்கில வைத்தியர் ஒரு எளிய உதாரணத்தால் நிரூபித்தார். லண்டன் நகரத்து மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ நாள் முழுதும் படியேறி இறங்குகிறார். இருவரும் ஒரே பஸ்ஸில் வேலை செய்கிறவர்கள். ஆயினும் இருதய வியாதி கண்டக்டர்களை விட டிரைவர்களையே அதிகம் தாக்கியது. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-ல் காலமானார்.

உப்பு யாத்திரையின் கணக்கு

"இதெல்லாம் மேனாட்டு மோஸ்தர்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நமது சரித்திரத்தையே பதிலாகக் கூறுவோம். 1919-ல் புணாவில் டெக்கான் ஜிம்கானா நடத்திய பந்தயங்களில், குடியானவர்கள் வெறுங்காலுடன் நெடுந்தூரம் ஓடியதைச் சர் டோராப்ஜி டாட்டா கண்டு வியந்தார். அடுத்த வருஷம் ஆண்ட்வெர்ப் நகரத்து ஒலிம்பிக் பந்தயங்களுக்கு ஒரு சிறு இந்தியக் கோஷ்டி சென்றதற்கு அந்தக் காட்சியே வித்தாயிற்று. அக்கோஷ்டியைச் சேர்ந்த ஃபடேப்பா சௌகுலே மாரத்தான் ஓட்டத்தில் 19-வதாக வந்தார். ஓட்டம் நம் வயற்காட்டு மனிதனின் சொத்து. நகரவாசிதான் அதை மறந்து விட்டான்.

மகாத்மா காந்தி சிறு வயதில் பள்ளிக்கூடத்துத் தேகப் பயிற்சியை வெறுத்தார். அது பிழை என்று பிற்காலத்தில் தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். நீண்ட தூரம் நடக்கும் வழக்கமே தம் உடலுக்கு உறுதி தந்தது என்றும் கூறியிருக்கிறார். அந்த உறுதியைத் தேசம் 1930-ல் கண்டது. மார்ச் 12-ந் தேதி ஸபர்மதியிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது அறுபது. சுமார் 240 மைல் தூரத்தை 24 நாட்களில் கடந்து தண்டியை அடைந்தார். அடுத்த மாதம் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்குப் புறப்பட்ட தமிழ்த் தொண்டர்கள் ஏறக்குறைய 150 மைல் தூரத்தைப் பதினைந்து நாட்களில் நடந்தார்கள்.

இந்த எண்களைச் சற்று வகுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு யாத்திரைகளிலும் நாள் ஒன்றுக்குப் பத்து மைல் விகிதம் ஆகிறது! ஆவேசத்தால் முதல் நாளே முப்பது மைல் நடந்திருந்தால், மூன்றாம் நாள் பாதிப்பேர் காற் கொப்புளத்துடன் திண்ணையில் கிடந்திருப்பார்கள். சாம்ராஜ்யத்தை எதிர்க்கப் புறப்பட்டவர்களே நாளைக்கு இவ்வளவு என்று அளவு வைத்து நடந்தார்கள். தொந்தியைக் குறைக்கப் புறப்பட்டவர் அளவின்றி ஓடலாமா?

செருப்புத் தொழிலாளியின் பாடம்

ஓடுபவர் விட்டுவிடுவதற்கு மனவுறுதியின்மை காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நமக்கு அது சரியென்று தோன்றவில்லை. அவசரமே பெரும்பாலும் காரணம். முதல் நாளே மூச்சு முட்ட ஓடுகிறார்கள். அது தண்டனையாக இருக்கிறது. தண்டனையை யார்தான் விரும்பித் தினந்தோறும் ஏற்பார்?

நியூஸிலாந்து தேசத்தில் ஆர்தர் லிட்யார்டு என்று ஒருவர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் உழைத்தவர். பந்து விளையாடுகிறவராதலால் தம் தேகம் திடமாக இருப்பதாக எண்ணியிருந்தார். ஒரு நாள் தம்மினும் மூத்த நண்பர் ஒருவருடன் சில மைல் ஓட நேர்ந்தபோது மூச்சுத் திணறி, தம் உண்மை நிலையை அறிந்தார். பிறகு பல வருஷங்கள் தம் உடலையே பரிசோதனைச் சாலையாக்கிக் கொண்டு, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் நன்மை செய்யும் என்று ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவு, வேகத்திற்கு அஸ்திவாரம் நிதானமான நெடுந்தூர ஓட்டமே என்பதாகும். 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் அவருடைய சிஷ்யர்களான பீட்டர் ஸ்நெல், முர்ரே ஹால்பர்க் இருவரும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் பெற்றார்கள்.

வீரர்களோடு அவர் நின்றுவிடவில்லை. இருதய வியாதியிலிருந்து மீண்டவர்களையும் நடுவயதுக்காரர்களையும் மெதுவாக ஓடும்படி அவர் தூண்டினார். 1962-ல் ஆக்லந்து நகரில் இதற்கென ஒரு சங்கமே தோன்றிற்று. அங்கு விருந்தினராக வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், எழுபது வயதைக் கடந்த ஒருவருடன் ஓடி, அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவித்தார். ஊர் திரும்பித் தாமும் ஓடி, பிறரையும் ஓடச் செய்து, 1967-ல் ஓர் இருதய வைத்தியருடன் சேர்ந்து அதைப் பற்றிப் புஸ்தகமும் வெளியிட்டார். அமெரிக்காவில் சாதாரண ஜனங்களிடையே ஓட்டம் பரவியதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

முறை

புதிதாகத் தொடங்குகிறவர் வாரத்தில் மூன்று நாட்கள் ஒதுக்கினால் போதும். முதலில் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிஷம் நடந்து, இவ்வாறு எட்டு அல்லது பத்து முறை செய்ய வேண்டும். வாரந்தோறும் ஓடும் நேரத்தைச் சற்றுக் கூட்டி, நடக்கும் நேரத்தைச் சற்றுக் குறைத்து வந்தால், சாதாரண தேகஸ்திதியுள்ள பெரும்பாலோர் இரண்டு மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நில்லாமல் ஓடக் கூடியவர்களாகி விடுவார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மார்வலி உள்ளவர்களும் வைத்தியரைக் கலந்துகொண்டே தொடங்க வேண்டும்.

வேகத்திற்கு அளவுகோல் என்ன? பக்கத்தில் ஓடுகிறவருடன் பேச முடிய வேண்டும். பேச்சுத் தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று அறிக. நாலு வார்த்தை பேசத் தெரிந்த நம் அரசியல்வாதிகளுக்கு இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

சில வாரங்களில் மூச்சு இலகுவாகும்; இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைச் செலுத்தும். ஆனால் எலும்பும் நரம்புக் கட்டும் வலுப்பெற மாதக் கணக்கில் ஆகும். மூச்சு இடங்கொடுக்கிறது என்று நம்பித் தூரத்தைத் திடீரென்று கூட்டுகிறவருக்கு முழங்காலும் கணைக்காலும் வலிப்பது இதனால்தான். வாரத்திற்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதிருப்பது ஓடுபவர்களிடையே வழங்கும் நல்ல விதி. நாலு வாரத்திற்கு ஒரு முறை தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருவதும் நன்று.

ஆறு மாதம் இவ்வாறு அஸ்திவாரம் போட்ட பிறகு வேகத்தை நாடலாம். வாரத்தில் ஒரு நாள் நீண்ட தூரம் நிதானமாக ஓட வேண்டும். மற்றொரு நாள் இரண்டு மூன்று நிமிஷம் விரைந்தோடி, அதே அளவு மெல்ல நடந்து, நாலைந்து முறை செய்ய வேண்டும். ஏனைய நாட்களில் எளிய ஓட்டம். தினந்தோறும் விரைந்தோடுகிறவர் முன்னேறுவதில்லை. ஆஸ்பத்திரியை நோக்கியே ஓடுகிறார்.

நம் சீதோஷ்ணத்தையும் மறக்கலாகாது. கடற்கரைப் பிரதேசங்களில் காற்றின் ஈரத்தால் வியர்வை உலர்வதில்லை; உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சித்திரை, வைகாசியில் வேகம் குறைவது இயற்கை. அதைத் தோல்வி என்று கருதி விட்டுவிடுகிறவர்கள் அநேகர். விடியுமுன் ஓடி, வேகத்தைக் குறைத்துக்கொண்டால், பத்துப் பதினைந்து நாட்களில் உடல் வெப்பத்திற்கு ஒருவாறு பழகிவிடும்.

மனத்தைப் பழக்குதல்

உற்சாகம் வரட்டும் என்று காத்திருப்பவர் ஓடமாட்டார். நேரத்தை நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். காலை ஐந்தரை என்றால் ஐந்தரைதான். சோம்பல் மேலிடும் நாளில், "பத்து நிமிஷம் மட்டும் ஓடித் திரும்பி விடுவேன்" என்று மனத்துடன் ராஜி செய்துகொண்டு வெளியே கிளம்ப வேண்டும். வாசற்படியைத் தாண்டுவதுதான் கஷ்டம். பத்து நிமிஷம் ஆனபின் திரும்பத் தோன்றுவது அபூர்வம். ஒரு நாள் தவறினால் பாதகமில்லை. தவறிய நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாக ஓடலாகாது. தவறியதை மறந்து வழக்கமான ஓட்டத்தை ஓடினால் போதும்.

குறிப்புப் புஸ்தகம் ஒன்று அவசியம். தேதி, தூரம், நேரம், உடல் இருந்த நிலை ஆகியவற்றைத் தினம் எழுதி வர வேண்டும். முதல் ஆறு மாதம் அபிவிருத்தி வேகமாக இருக்கும். பிறகு நத்தை வேகந்தான். அந்தக் காலத்தில் மனம் தளராமல் காப்பது பழைய ஏடுகளே. கைப்பேசியில் பிறர் ஓடிய வேகத்தைப் பார்த்து ஏங்குவதில் லாபமில்லை. போன வருஷம் இதே மாதத்தில் நாம் எப்படி ஓடினோம் என்பதே நமக்குரிய போட்டி.

எல்லாவற்றிலும் சிறந்த உபாயம் கூட்டாளி. முச்சந்தியில் நண்பர் காத்திருக்கிறார் என்றால் படுக்கை தானே விட்டுப் போகும். 2004-ம் வருஷம், காந்தி ஜயந்தி தினமாகிய அக்டோபர் 2-ந் தேதி, லண்டனிலுள்ள புஷி பார்க்கில் பதின்மூன்று பேர் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். கட்டணமில்லை, பரிசில்லை, நடத்துகிறவர்கள் தொண்டர்கள். அந்தச் சனிக்கிழமை ஓட்டம் இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் வாரந்தோறும் நடக்கிறது. நம் நகரங்களிலோ ஓட்டத்தில் சேரப் பணங்கட்ட வேண்டும். சட்டையும் பதக்கமும் தருகிறார்கள். பதக்கத்திற்காக வருஷத்தில் ஒரு நாள் ஓடுவதை விட, பதக்கமின்றி வாரம் ஒரு நாள் ஊரார் கூடி ஓடுவது தேசத்திற்கு மேன்மை தரும். பெண்களும் கூச்சமின்றி வந்து ஓடுவதற்குக் கூட்டமே துணையாகும். ஒலிம்பிக் மாரத்தானில் பெண்களுக்கு 1984-ல்தான் இடம் கிடைத்தது. நம் வீட்டுப் பெண்களை நாம் அவ்வளவு காலம் காக்க வைக்க வேண்டியதில்லை.

பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங் கதையைக் கூறி முடிக்கிறோம். கண் முன்னே மகன் மாண்ட துயரத்தை ஆற்றிக்கொள்ள, முதுமையில் அவர் ஓட்டத்தை நாடினார். 1911-ல் பிறந்தவர் என்பது அவருடைய பாஸ்போர்ட்டில் கண்டது. 2000-ல் லண்டன் மாரத்தானை ஓடி முடித்தபோது அவருக்கு வயது 89. 2011-ல் டொராண்டோவில் நூறு வயதில் மீண்டும் ஒரு மாரத்தானை முடித்தார். பிறந்த காலத்துப் பத்திரம் இல்லாமையால் அதைச் சாதனைப் புஸ்தகத்தில் ஏற்கவில்லை. அதனால் அவர் ஓட்டம் பொய்யாகிவிடவில்லை. 2025 ஜூலையில், தம் சொந்தக் கிராமத்துச் சாலையில் மோட்டார் வண்டி மோதி அவர் உயிர் நீத்தார். முதுமை வீழ்த்த முடியாதவரை நம் சாலை வீழ்த்தியது.

இந்தச் சம்பவத்திலிருந்து அதிகாரிகள் கற்க வேண்டிய பாடம் உண்டு. ஊருக்கு ஒரு திறந்த மைதானம், விளக்குள்ள நடைபாதை, விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானங்களைத் திறந்து விடுதல் - இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. நகரசபை அங்கத்தினர்களை இவற்றைக் கேட்டு நெருக்குவது நம் தொண்டர்களின் கடமை. கேட்பவர்கள் தாமே அந்த மைதானத்தில் ஓடுகிறவர்களாக இருந்தால், கேள்விக்கு வலு அதிகம்.

வாலிபர்களே, தொண்டர்களே! நாளைக் காலை தொடங்குங்கள். அடுத்த சித்திரையிலும் ஓடிக்கொண்டிருப்பதற்கு ஏற்ற நிதானத்துடன் தொடங்குங்கள்.