எண்ணூர்த் துறையும் காஞ்சிச் சாயத் தொட்டியும்

காஞ்சியிலிருந்து மேற்கே பெங்களூர் ராஜபாட்டையில் செல்வோர், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள திருப்புட்குழியை அறிவார்கள். ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் அது என்பது ஐதிகம். அதே பாட்டை வழியாகக் கர்நாடகத்துக் கச்சாப் பட்டு காஞ்சிக்கு வருகிறது. ஜரிகைக்குச் சூரத்தை எதிர்பார்க்க வேண்டும். இழைக்கும் ஜரிகைக்கும் பிறர் கூறும் விலையைக் கேட்டு வாழ்பவர் நம் நெசவாளர். எரிபொருளிலும் அவருக்கு அந்நிலை நேருமா என்பதே நாம் இன்று எழுப்பும் வினா.

2018-ஆம் ஆண்டில், செங்கற்பட்டையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் குழாய் வழியே இயற்கை வாயு வழங்கும் உரிமை ஒரு கம்பெனிக்கு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சு 6-ந் தேதி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் கம்பெனியார் நிறுவிய திரவ வாயுத் துறை தேசத்திற்கு அர்ப்பணம் செய்யப்பெற்றது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்க வல்லது. கீழ்க்கரையில் அதுவே முதலாவது. ஆயினும் உள்நாட்டுக்குச் செல்லும் குழாய்கள் பூர்த்தியாகாமையால், பல ஆண்டுகள் அதன் சக்தியில் சிறு பங்கே பயன்பட்டது. வாயிலைக் கட்டிவிட்டு வீதியை மறந்த கதை!

நமது நண்பர் சிலர் இதை ஏற்றுமதித் துறையென்று எண்ணிப் பெருமை கொள்கின்றனர். அது தவறு. ஏற்றுமதித் துறை கத்தார் தேசத்து ராஸ் லஃபானில் உள்ளது. அங்கே வாயுவைச் சைபருக்குக் கீழ் 162 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். அறுநூறு பங்கு இடம் கொண்டது ஒரு பங்காய்ச் சுருங்கித் திரவமாகிக் கப்பலேறுகிறது. எண்ணூரில் நாம் செய்வது, அதை மீண்டும் சூடேற்றி வாயுவாக்குவது மட்டுமே. குளிர்விக்கும் ஆலை எவர் கையிலோ, விலை பேசும் ஆசனமும் பெரும்பாலும் அவருடையதே.

பெரும்பாலும் என்றோம்; எப்பொழுதும் அன்று. கத்தாருடன் பெட்ரோநெட் கம்பெனியார் 1999-இல் செய்த உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்க வேண்டும். எடுக்காவிடினும் பணம் கட்ட வேண்டும். 2015-இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது நம்மவர் குறைவாகவே எடுத்தனர். கத்தார் அபராதத்தைத் தள்ளி, விலைக் கணக்கையும் மாற்றிக் கொடுத்தது. 2022-இலோ காற்று திசை மாறியது. உக்ரேன் யுத்தத்தால் விலை வானளாவ ஏறிய சமயத்தில், ருஷியாவின் காஸ்ப்ரோம் ஸ்தாபனத்துக்கு உரியதாயிருந்து ஜெர்மன் சர்க்கார் வசமான கம்பெனி, கெயிலுக்கு அனுப்ப வேண்டிய சரக்குகளை அனுப்பவில்லை. கெயில் கோரிய நஷ்டஈடு சுமார் 180 கோடி டாலர். 2025 ஜனவரியில் சமாதானமாகிப் பெற்றது 28.5 கோடி டாலர். முத்திரையிட்ட பத்திரம் கையிலிருந்த பெரிய ஸ்தாபனத்தின் கதி இது!

சாயப்பட்டறைக்காரரிடம் என்ன பத்திரம் இருக்கிறது? பட்டின் பசையைச் சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் நீக்க வேண்டும். சாயமேற்றவும் கொதிநீரே வேண்டும். விறகின் புகையிலிருந்து அவர் கண்கள் தப்புமாயின் நாம் மகிழ்வோம். வாயுவை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அடுப்பை இடித்துக் குழாயைப் பொருத்தியபின் விலை இரட்டித்தால் எவரிடம் முறையிடுவார்? வாயு ஒழுங்குமுறை வாரியத்துக்கு விற்பனை விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லையென்று 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அவருக்கு அரண் அவர் கையெழுத்திடும் ஒப்பந்தமே.

தனித்தனியே கையெழுத்திடுபவர் கம்பெனி அச்சிட்ட தாளில்தான் கையெழுத்திடுவார். காஞ்சியின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சாயப்பட்டறைக்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரே கட்சியாய் நின்று பேசட்டும். விலைக்கு உச்ச வரம்பு, ஏற்றத்துக்கு முன்னறிவிப்பு, வாங்காத மாதத்துக்குக் கட்டணமின்மை, வேண்டாதபோது விலகும் பாத்தியதை ஆகிய நான்கையும் தமிழில் எழுதி வாங்கட்டும். இவை எழுத்தில் வரும்வரை பழைய அடுப்பை இடிக்க வேண்டாமென்று பட்டறைக்காரர்களுக்குச் சொல்லுகிறோம்.