பதம் அறியும் விரல்

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிப் பாசனத்து நெல்வயல்களின் நடுவே, இயற்கையாக ஒரு குன்றும் இல்லாத சமவெளியில் மனிதர் கல்லடுக்கி எழுப்பிய கட்டுமலையாகிய சுவாமிமலையில், பிரபவ முதலான வருஷங்களின் பெயர் தாங்கிய 60 படிகளை ஏறி முருகனைத் தரிசிக்க வருகிறவர்கள், கண் கொடுத்த கணபதி என்ற திருநாமமுடைய விநாயகரையும் வணங்கிச் செல்வது சம்பிரதாயம். பிறவியிலேயே பார்வை இல்லாத அன்பர் ஒருவர் இத்தலத்தில் கண்ணொளி பெற்றார் என்றும், இங்குள்ள தீர்த்தம் நேத்திர புஷ்கரிணி எனப் பெயர் பெற்றது அதனால்தான் என்றும் சொல்வார்கள். கோயிலின் மூல ஐதிகமோ கண்ணைவிடக் காதைப் பெரிதாகக் கொண்டது. பிரணவத்தின் பொருளைப் பிள்ளை தகப்பனுக்குச் செவியில் உபதேசித்த இடமல்லவா இது?

ஐதிகத்தில் ஒரு கணத்தில் கிடைத்த கண், நம் காலத்தில் எத்தனையோ பேருக்குச் சிறு சத்திர சிகிச்சையால் கிடைத்துவிடுகிறது. 1976-ல் டாக்டர் வேங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற ஸ்தாபனங்கள் பணம் இல்லாதவருக்கும் புரை நீக்கும் பணியைச் செய்து வருவதால், கண்புரையால் மங்கிய பார்வை திரும்புவது இன்று அதிசயமில்லை. ஆனால் கண் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் கண் நீர் அழுத்த நோயும், நீரிழிவினால் விழித்திரையில் முற்றிப்போன சேதமும், பரம்பரையாக வரும் விழித்திரை நோய்களும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் போன பார்வை பெரும்பாலும் போனதுதான். எஞ்சியதைக் காப்பாற்றுவதே பெரும்பாலும் வைத்தியத்தின் வேலை. அத்தகைய ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை அடுக்களை வாசலில் வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

"அத்தை, நீங்க அடுப்பண்டை வராதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று மருமகள் சொல்கிறாள். அதில் வாஞ்சையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டுக்கு உலை வைத்தவர், அந்த ஒரு வாக்கியத்தோடு கூடத்து ஊஞ்சலுக்கு மாற்றப்பட்டுவிடுகிறார். அந்தகக்கவி வீரராகவ முதலியாரையும் இரட்டைப் புலவர்களையும் கொண்டாடுகிற நாம், பார்வை இல்லாதவர் கவி பாடுவதையோ வீணை வாசிப்பதையோ கண்டு வியக்கிறோமே தவிர, அவர் கையில் கரண்டியைக் கொடுக்கும்படி சொன்னால் பதறிப்போகிறோம். (இதைப் பெண்மக்களின் விஷயமாகவே பேசிக்கொண்டு போவதும் பழைய பழக்கம்தான், தஞ்சாவூர்ச் சீமை ஊர் ஊராக அனுப்பிவைத்த சமையற்காரர்களெல்லாம் ஆண்களே.) கிருஹ கைங்கரியங்கள் அனைத்திலும் கண்ணின் தயவை மிகக் குறைவாக நாடுவது சமையல் என்பதே என் அபிப்பிராயம். அடுப்பைவிட்டு விலகும்படி செய்வது பார்வைக் குறைவல்ல, வீட்டாரின் ஒழுங்கீனமும் அவநம்பிக்கையுமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதம் என்று நம்முடைய பாட்டிமார் சொன்னவற்றில் எத்தனை கண்ணால் பார்க்கிற பதம் என்று எண்ணிப் பாருங்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது இரண்டு விரலுக்கிடையில் நசுக்கித்தான். அதிரசத்துக்கு வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, உருண்டால் இறக்குகிறோம். கம்பிப் பதம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அறிகிற பதம். இட்லி வெந்ததா என்று ஈரவிரலால் தொட்டு, மாவு ஒட்டாவிட்டால் எடுக்கிறோம். அரிசியில் கல் அரிப்பது தண்ணீரில் அலசி அலசிக் கனமானதை அடியில் தங்கவிடுகிற உபாயமே அன்றிப் பொறுக்குகிற வேலையன்று. திருவையாற்றுக்குப் பேர்பெற்ற அசோகா கிண்டும்போது, பாசிப்பருப்பு விழுது சர்க்கரையையும் நெய்யையும் ஏற்றுச் சுருண்டு, பாத்திரத்தின் பக்கங்களை விட்டு விலகும் சமயத்தில், அதுவரை கையை இழுத்துப் பிடித்திருந்த கரண்டி சட்டென்று இலேசாகிவிடுகிறது. கிண்டுகிறவருடைய மணிக்கட்டுக்கு அது தெரிந்த பிறகுதான் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். இதே சுவாமிமலையின் ஸ்தபதிகள், மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, உள்ளே ஏற்பட்ட வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சுக்குள்ளே நடப்பதை எந்த ஸ்தபதியும் கண்ணால் பார்ப்பதில்லை, அதனால் அவருடைய கைத்திறனை யாரும் சந்தேகிப்பதுமில்லை.

விரலுக்கு அடுத்தபடி செவி. கடுகுக்குள் இருக்கும் சிறிது ஈரம் சூட்டில் ஆவியாகி ஓட்டைப் பிளப்பதுதான் வெடிப்பு. அடுத்தடுத்துக் கேட்ட சத்தம் இடைவிட்டுக் கேட்கத் தொடங்கியதும் பருப்பைப் போட வேண்டியது. முறுக்கோ வடையோ எண்ணெயில் இட்டவுடன் பெரிதாக இரைவதும், மாவின் நீர் ஆவியாகித் தீரத் தீர அந்த இரைச்சல் அடங்குவதும் ஒரே காரணத்தால்தான். சத்தம் ஓய்ந்தும் எடுக்காவிட்டால் கருகும். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும்போது, நீர் உயர உயர மேலே உள்ள காற்றுப் பகுதி குறுகுவதால், சுருதி ஏறிக்கொண்டே போகும். குடம் நிறையப்போவதைக் குழாயடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு வம்பு பேசுகிறவர்களும் தவறாமல் கண்டுபிடிப்பது இதனால்தான். கொதிநீரும் குளிர்ந்த நீரும் விழும் ஓசையில்கூட வித்தியாசம் உண்டு என்பதைப் பலர் தாங்கள் அறிந்திருப்பதை அறியாமலே அறிந்திருக்கிறார்கள்.

பார்வை இழந்தவர் என்றால் முழு இருளில் இருப்பவர் என்று எண்ணுவதும் பிழை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நல்ல கண் 60 மீட்டரில் காண்பதை, கண்ணாடி அணிந்த பிறகும், 3 மீட்டருக்குள் வந்தாலன்றிக் காண முடியாதவரையும், பார்வையின் பரப்பு 10 பாகைக்கும் குறைந்துவிட்டவரையும் பார்வையற்றோர் வரிசையில் சேர்க்கிறது. அதற்கு மேல், நல்ல கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காண்கிற அளவு (6/18) வரையில் குறைபார்வை. கண் நீர் அழுத்த நோயால் ஓரப் பார்வை போனவர் வாணலியைக் காண்பார், அதன் நீட்டிய கைப்பிடியைக் காணமாட்டார். விழித்திரையின் மையம் கெட்டவரோ வாணலியின் விளிம்பைக் காண்பார், அதற்குள் இருப்பதை நேராக நோக்கினால் மறைந்துவிடும். இவர்களுக்கு உபகாரம் செய்வது பூதக்கண்ணாடியைவிட நிற வேறுபாடு. வெள்ளைப் பீங்கானில் வெள்ளைச் சோறு கரைந்துபோகும். வாழையிலையின் பச்சையில் அதே சோறு பளிச்சென்று தெரியும். தேங்காயும் வெங்காயமும் நறுக்கக் கறுத்த பலகை, காபிக்கு வெள்ளைக் கோப்பை, பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கும் எவர்சில்வருக்குப் பதில் மங்கலான பாத்திரம் என்று மாற்றிக்கொள்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மேல்நாட்டில் பார்வையற்றவருக்குப் பரிமாறும்போது தட்டைக் கடிகார முகமாக வைத்து, மூன்று மணியில் காய், ஆறு மணியில் ரொட்டி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்முடைய இலைக்கோ அந்தப் போதனை வேண்டியதில்லை. நுனி இடப்பக்கம், உப்பு இடது மேல் மூலை, காய்கள் மேல் பாதி, சோறு கீழ்ப் பாதி என்பது பந்தியில் உட்கார்ந்த குழந்தைக்கும் தெரிந்த பூகோளம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அஞ்சறைப்பெட்டி என்பது ஸ்பரிசத்தால் வாசிக்கக்கூடிய ஓர் ஏற்பாடு. அந்தக் காலத்து நீண்ட மரப்பெட்டியில் எந்த அறையில் எது என்பது குடும்ப வழக்கமாக நிலைத்திருந்தது. இப்போது புழங்கும் வட்டமான எவர்சில்வர் பெட்டியில் ஏழு கிண்ணங்களும் ஒரே அளவாக இருப்பதால், பெட்டி சற்றுச் சுழன்றுவிட்டால் கடுகின் இடத்தில் வெந்தயம் வந்துவிடும். விளிம்பில் ஓரிடத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டால் போதும், அந்த இடத்திலிருந்து விரலால் எண்ணிக்கொள்ளலாம். மஞ்சள்பொடியும் மிளகாய்ப்பொடியும் தொட்டால் ஒன்றுபோல் இருக்கும். மிளகாயை முகர்ந்து பார்ப்பது அபாயம். ஆகையால் அதற்கு மட்டும் வேறு வடிவத்து டப்பா. ஒரே மாதிரியான இரண்டு ஜாடிகளில் ஒன்றுக்கு ரப்பர் வளையம். இவையெல்லாம் ஒரு மத்தியானத்தில் செய்து முடிக்கிற காரியங்கள். கடினமானது அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. காபி கலந்த மகன் சர்க்கரை டப்பாவை ஜன்னலில் வைக்கிறான், பேரன் அரிவாள்மணையைத் தரையில் நிமிர்த்தியபடியே விட்டுப் போகிறான், உதவி செய்ய வந்த நாத்தனார் அலமாரி முழுவதையும் "நன்றாக" அடுக்கிவைக்கிறாள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் நியமத்தை வீட்டில் உள்ள கண் தெரிந்தவர்கள் அனைவரும் அனுசரித்தால் அன்றி, எந்த உபகரணமும் எந்தப் பயிற்சியும் பயன்படா.

அபாயங்களை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனமில்லை. இந்தச் சீமையில் பெரிய அபாயம் கஞ்சி வடிப்பது: கொதிக்கிற வெண்கலப்பானையைச் சிப்பல் தட்டால் மூடிச் சாய்த்துக் கையையும் காலையும் சுட்டுக்கொண்டவர்களில் கண் நன்றாக இருந்தவர்கள் எத்தனையோ பேர். பார்வை குறைந்தவர் அந்த வேலையை விட்டுவிட்டு, விரற்கணுவால் தண்ணீரை அளந்து குக்கரில் வைத்து விசிலை எண்ணிக்கொள்வதே விவேகம். வடித்த சோற்றின் ருசியைப் பற்றி வாதம் செய்கிறவர் தாமே வடித்துக் கொடுக்கட்டும். பாத்திரத்தை அணைந்த அடுப்பில் நடுவில் பொருந்த வைத்துப் பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். சூடான பாத்திரத்தைக் கையால் தேடாமல் நீண்ட மரக்கரண்டியால் தேட வேண்டும். புடவைத் தலைப்பை இறுகச் செருகிக்கொள்ள வேண்டும், நைலான் கூடாது. சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிந்தால் தெரியும்படி எத்தில் மெர்காப்டன் என்ற துர்நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். 14.2 கிலோ சிலிண்டர் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் காவல் வேலை ஏற்கெனவே மூக்கிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: நீரிழிவினால் பார்வை இழந்தவர்களில் சிலருக்கு விரல் நுனியின் உணர்ச்சியும் மரத்துப்போயிருக்கும். அவர்களிடம் தொட்டுப் பார் என்று சொல்வது தீயில் தள்ளுவதாகும். அவர்களுக்குக் காதும், மணி அடிக்கும் கடிகாரமும், பேசும் வெப்பமானியுமே கதி.

அடுப்பில் கிண்டுவது கைவந்தாலும், ஓவனுக்குள் மூடிவைத்து வேகவைக்கும் கேக்கும் ரொட்டியும் பார்வையற்றவருக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு, கிறிஸ்டீன் ஹாவின் கதையைச் சொல்லலாம். வியட்நாமிய வம்சத்தில் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வாழும் இப்பெண்மணி, 14 வயதில் தாயை இழந்தவர். சமையற் குறிப்பு எதையும் எழுதிவைக்காமல் போன அந்தத் தாயின் பதார்த்தங்களை நாக்கின் ஞாபகத்தைக் கொண்டே மீட்டெடுக்க முயன்று சமையல் கற்றவர். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் ஒரு நோயால் படிப்படியாகப் பார்வை மங்கிய பின், 2012-ல் மாஸ்டர்செஃப் என்ற தொலைக்காட்சிப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். போட்டியில் ஒருநாள் ஆப்பிள் பை சுடச் சொன்னார்கள். தாம் சுட்டது பாழ் என்று எண்ணி அவர் கண்ணீரோடு நின்றபோது, நடுவரான கார்டன் ராம்சே அதன் பொன்னிறத்தை வார்த்தைகளால் வர்ணித்து, மேலோட்டைக் கத்தியால் கீறி அதன் மொறுமொறுப்பை அவர் காதுக்குக் கேட்கச் செய்தார். நம் வீடுகளில் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுக் குக்கரின் அடியில் மணல் பரப்பிச் சுடுகிற கேக்குக்கும் இந்த முறைகள் பொருந்தும்: வாசனை அறையை நிரப்பினால் முடியும் தறுவாய், மேற்பரப்பை விரலால் அழுத்தினால் எழும்பி வர வேண்டும், குத்திய குச்சி ஈரமின்றி வர வேண்டும். ரொட்டியானால் அடியைத் தட்டினால் வெற்றுக்குடம் போல் ஒலிக்க வேண்டும். வாங்குகிறவர் ஓவனானாலும் இண்டக்ஷனானாலும் திருகும் குமிழ் உள்ளதையே வாங்குவது நல்லது. வழவழப்பான தொடுபலகையில் விரலுக்கு ஒன்றும் கிடைக்காது. கண்ணுக்கென்றே மிச்சமாகிற சில வேலைகள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கீரை ஆய்வது, ரொட்டியில் பூத்த பூஞ்சை, பொட்டலத்தில் அச்சிட்ட தேதி ஆகியவற்றில் கடைசியானதை இப்போது கைபேசியே வாசித்துச் சொல்லிவிடுகிறது; மற்றவற்றுக்கு அண்டை வீட்டுக் கண்ணைக் கடன் வாங்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் பார்வையற்றோர் கல்வி 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி முதலே நடந்து வருகிறது. தாமே பார்வை இழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-ல் மதுரையில் நிறுவிய சங்கமும், டேராடூன் தேசிய நிறுவனத்தின் பூந்தமல்லிக் கிளையும் இன்று பெயர் பெற்றவை. ஆயினும் 60 வயதுக்கு மேல் பார்வை மங்கிய ஒரு மூதாட்டி சுவாமிமலையிலிருந்து மதுரைக்கோ பூந்தமல்லிக்கோ போய் மாதக்கணக்கில் தங்கிக் கற்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, கிழவரும் கிழவியுமாக இருவரே எஞ்சிய வீடுகள் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. பாடம் அவர்கள் வீட்டிலேயே தொடங்க வேண்டியதுதான்.

எந்தப் பாடத்தில் தொடங்குவது என்று கேட்டால், காபியில் என்பேன். விடியற்காலையில் அதற்காக இன்னொருவர் விழிப்பதற்குக் காத்திருப்பதைப் போன்ற பராதீனம் இந்த ஜில்லாவில் வேறில்லை. ஃபில்டரின் மேல்பாத்திரத்தில் பொடியைக் கரண்டியால் தலைதட்டிப் போட்டு அமுக்கியால் அமுக்கி, கொதித்ததும் தானே நின்றுவிடும் மின்கெட்டிலிலிருந்து வெந்நீரை, அதன் மூக்கை ஃபில்டரின் விளிம்பில் தொடுத்து, ஓசை ஏறுவதைக் கேட்டுக்கொண்டே விட வேண்டும். பாலுக்கு, இரட்டைச் சுவருக்கு நடுவே தண்ணீர் ஊற்றி வைக்கிற பழைய பால் குக்கரைப் பரணிலிருந்து இறக்குங்கள். தண்ணீர் கொதித்ததும் விசில் ஊதும், பால் பொங்கவும் பொங்காது, அடிப்பிடிக்கவும் செய்யாது. டிகாக்ஷனை டம்ளருக்கு இத்தனை குழிக்கரண்டி என்று எண்ணி விட்டுக்கொள்ளலாம். இரண்டாவது டிகாக்ஷனுக்கு வெந்நீர் விடலாமா கூடாதா என்பதை மட்டும் அவரே தீர்மானித்துக்கொள்ளட்டும். அந்த விஷயத்தில் கும்பகோணத்தாருக்குள்ளேயே இன்னும் ஏகாபிப்பிராயம் ஏற்படவில்லை.