எந்தக் கதவை முதலில் தட்டுவது?

முண்டியம்பாக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலை, பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு சர்க்கரை ஆலை. வானூர், திண்டிவனம் வட்டாரங்களில் கல் குவாரிகள், ஜல்லி கிரஷர்கள். மரக்காணத்தில் உப்பளங்கள். ஊருக்கு ஊர் அரிசி ஆலைகள், செங்கல் சூளைகள். இவை போதாதென்று திண்டிவனம் சிப்காட்டில் டாபர் நிறுவனம் ஆலை அமைக்க 2024 ஆகஸ்டில் மாநில அரசுடன் ஒப்பந்தம் போட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தொழிலாளி கையை இழக்கவும் நுரையீரலைக் கெடுத்துக்கொள்ளவும் இத்தனை வகை இடங்கள் இருக்கின்றன. இவற்றைப் பார்க்கவேண்டிய அரசு ஆய்வாளர்களோ கொஞ்சம் பேர்தான். இருப்பவர்களை முதலில் எங்கே அனுப்புவது?

இந்தியாவில் இப்போது இதற்குக் கிடைக்கும் பதில், குலுக்கல். 2014 அக்டோபரில் மத்திய அரசு தன் தொழிலாளர் ஆய்வுகளைக் கணினிக் குலுக்கலுக்கு மாற்றியது. தொழில் தொடங்குவதை எளிதாக்கும் சீர்திருத்தப் பட்டியல் வழியாக மாநிலங்களையும் அதே பாதைக்கு இழுத்தது. இதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆய்வாளர் தனக்குப் பிடித்த கதவை மட்டும் தட்டி, கவர் வாங்கிக்கொண்டு திரும்பும் பழக்கத்தை உடைக்கத்தான் அது வந்தது. ஆனால் நாலு தையல் மெஷின் ஓடும் கூடத்துக்கும் நாள் முழுக்கக் கல் உடைக்கும் கிரஷருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினால் கிடைப்பது நேர்மை மட்டுமே, பாதுகாப்பு அல்ல.

இது வெறும் ஊகமல்ல. குஜராத்தில் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் அவருடைய குழுவினரும் மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வுகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சில ஆலைகளுக்குக் குலுக்கல் முறையில் கூடுதல் ஆய்வுகள் நடந்தன. ஆய்வுகள் பெருகின, மாசு ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதிகாரிகள் தங்கள் அனுபவத்தை வைத்துத் தேர்ந்தெடுத்த ஆலைகளில்தான் பெரிய அத்துமீறல்கள் சிக்கின. 2018-இல் வெளியான இந்த முடிவு பலருக்கு உவப்பாக இல்லை. அதிகாரியின் விருப்புரிமை என்றாலே நாம் ஊழல் என்று வாசிக்கப் பழகிவிட்டோம்.

குலுக்கலும் வேண்டாம், தனி அதிகாரியின் மனம்போன போக்கும் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இந்த ஆண்டு எந்தெந்த ஆபத்துகளைத் தேடி வருவோம் என்று அரசு முன்கூட்டியே அறிவித்துவிடுவது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறை இதை வெகுகாலமாகச் செய்கிறது. 2008 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் படிந்து கிடந்த சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே, வெடிக்கக்கூடிய தூசிக்கான நாடு தழுவிய சிறப்பு ஆய்வுத் திட்டத்தைத் துறை புதுப்பித்து வெளியிட்டது. 2020-இல் சிலிக்கா தூசிக்கும், 2022-இல் வெயில் பாதிப்புக்கும் அதேபோன்ற திட்டங்கள் வந்தன. என்ன தேடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், எந்தத் தேதியில் வருவார்கள் என்பதுதான் தெரியாது. இந்தியா 1949-இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கையும் சொல்லாமல் வந்து சோதிக்கும் உரிமையை ஆய்வாளருக்குக் கொடுக்கிறது.

அறிவிப்பே பாதி வேலையைச் செய்துவிடும். எதிரே வரும் பேருந்து ஓட்டுநர் ‘செக்கிங் இருக்கு’ என்று சைகை காட்டினால், பரிசோதகர் ஏறுவதற்குள் எல்லோர் கையிலும் டிக்கெட் வந்துவிடுகிறதல்லவா? மேத்யூ ஜான்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2020-இல் இதை எண்ணிக்கையாகவே காட்டினார். பாதுகாப்பு விதிகளை மீறிய ஒரு நிறுவனத்தைப் பற்றி அமெரிக்க அரசு வெளியிடும் ஒரு பத்திரிகைச் செய்தி, அக்கம்பக்கத்து நிறுவனங்களைத் திருத்துவதில் சுமார் 210 ஆய்வுகளுக்குச் சமம் என்பது அவருடைய கணக்கு. ஆள் பற்றாக்குறையைச் சொல்லியே நாள் கடத்தும் துறைகள் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சரி, முன்னுரிமையை எதை வைத்து முடிவு செய்வது? விபத்துக் கணக்கை வைத்து என்பதுதான் சட்டென்று வரும் பதில். மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் தொழிற்சாலை ஆலோசனை அமைப்பு திரட்டிய விவரப்படி, 2017 முதல் 2020 வரை நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,109 பேர் இறந்தார்கள். அந்த விவரம் தேவைதான். ஆனால் அதை மட்டும் நம்பினால் இரண்டு கோளாறுகள் வரும். விபத்தை ஒழுங்காக எழுதி அனுப்பும் முதலாளியின் ஆலைக்கு ஆய்வாளர் போவார், மறைப்பவர் தப்பிவிடுவார். அமெரிக்காவில் இதற்காகவே, குறைந்த விபத்துக் கணக்கு காட்டும் நிறுவனங்களிலும் சிலவற்றைப் பொறுக்கிச் சோதிக்கிறார்கள். குலுக்கலுக்கு உரிய இடம் அதுதான்.

இரண்டாவது கோளாறு விழுப்புரத்துக்கு இன்னும் நெருக்கமானது. கிரஷர் தூசி யாரையும் ஒரே நாளில் கொல்வதில்லை. கல் உடையும்போது கிளம்பும் சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் ஆக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் தொழிலாளி வேறு ஊர், வேறு வேலை என்று போயிருப்பார். இருமலும் எடைக்குறைவுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தால் காசநோய் என்று சீட்டு எழுதப்படும் வாய்ப்பே அதிகம். விபத்துப் பட்டியலில் கிரஷர் எப்போதும் கடைசியில்தான் இருக்கும்.

இந்த ஓட்டையை அடைக்கச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, சிலிகோசிஸ் போன்ற தொழில்நோய் இருப்பதாக ஒரு மருத்துவர் கருதினாலே தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சர்க்கரை ஆலை இருக்கும் அதே முண்டியம்பாக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே நெஞ்சகப் பிரிவுக்கு வருபவரிடம் ‘என்ன வேலை பார்த்தீங்க, எத்தனை வருஷம்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும், அடுத்த ஆண்டு எந்தக் கிரஷர்களுக்குப் போவது என்ற பட்டியலில் பாதி தயாராகிவிடும்.

மரக்காணம் உப்பளங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான், அங்கே மெல்லக் கெடுப்பது தூசி அல்ல, வெயில். உப்பளமும் ‘தொழிற்சாலை’ என்ற சொல்லுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே தீர்ப்பளித்துவிட்டது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆராய்ச்சியாளர்கள் தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. குடிநீர், நிழல், ஓய்வு நேரம், கழிப்பறை ஆகிய நான்கை மட்டும் ஏப்ரல், மே மாதங்களில் உப்பளம் உப்பளமாகப் போய்ப் பார்ப்பது ஒரு நல்ல முன்னுரிமை. கழிப்பறையைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் பெண்கள்.

இதில் யார் எந்த வாசலுக்குப் பொறுப்பு என்பது தனிச் சிக்கல். குவாரி என்றால் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். அங்கிருந்து லாரியில் வரும் கல்லைத் தனியிடத்தில் உடைக்கும் கிரஷர் என்றால் மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். புகையும் தூசியும் ஊருக்குள் போனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கல் ஒன்று, தூசி ஒன்று, அதைச் சுவாசிக்கிறவரும் பல நேரம் ஒரே ஆள். கூட்டு முன்னுரிமை இல்லாமல் ஒவ்வொரு துறையும் தன் நோட்டுப் புத்தகத்தோடு தனித்தனியே போனால் நடுவில் விழுவது அவர்தான்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் தொழிற்சாலை என்ற வரையறை 10 தொழிலாளர்களிலிருந்து 20 பேராக உயர்ந்துவிட்டது. பத்துப் பதினைந்து பேரோடு ஓடும் அரிசி ஆலைகள் பொதுவான ‘நிறுவனம்’ என்ற வகைக்குள் நகர்கின்றன. ஆய்வாளரும் இனி ‘ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர்’. அதே சட்டம், ஆய்வுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பை அரசிடமே விட்டிருக்கிறது. சிறப்புச் சூழல்களுக்கு ஏற்ப ஆய்வை ஒதுக்கவும் அதில் வழி இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே மாவட்ட வாரியாக ஆபத்துப் பட்டியல் வெளியிடச் சட்டம் தடையாக இல்லை.

அப்படி வெளியிடுவதில் இன்னொரு லாபமும் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. புகார் கொடுத்தவர் யார் என்பதையும், புகாரின் பேரில்தான் வந்தோம் என்பதையும் முதலாளியிடம் சொல்லக்கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 1987-ஆம் ஆண்டுத் திருத்தமே ஆய்வாளரைக் கட்டுப்படுத்தியது. ஆனால் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கிரஷருக்கு மட்டும் திடீரென்று ஜீப் வந்தால், வாய் திறந்தது யார் என்று மேஸ்திரிக்கு அன்று மாலையே தெரிந்துவிடும். வானூரிலிருந்து திண்டிவனம் வரை எல்லாக் கிரஷர்களுக்கும் அதே மாதத்தில் ஜீப் போனால், அந்தப் பன்னிரண்டு பேரில் யாரையும் பார்த்து விரல் நீட்ட முடியாது.